ஈரோட்டு மஞ்சள் என்ற பேருக்கு யார் காவல்?



நமது சங்க உறுப்பினர் ஒருவர், மூணு ஏக்கர் சிறு விவசாயி, மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தார். அங்கே மளிகைக் கடையில் ஒரு மஞ்சள் தூள் பாக்கெட்டைக் கையில் எடுத்தார். 'அசல் ஈரோடு மஞ்சள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலையைப் பார்த்தார். அந்த மாசம் அவர் ஏலத்தில் விட்ட விலையைப் போல மூணு மடங்கு. சரி, அரவைக் கூலி, பாக்கெட், வண்டி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் உண்டு, ஒத்துக்கிறோம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அரைத்த கம்பெனி பேர் இருந்தது, பாக்கெட் போட்ட தேதி இருந்தது. எந்தக் காட்டில் விளைந்தது, யார் சோதித்து இதை ஈரோட்டு மஞ்சள் என்று சொன்னார்கள் என்பது மட்டும் இல்லை. வாங்கி வந்து வீட்டில் பிரித்து மோந்து பார்த்தவர், அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "அது நம்மூரு மஞ்சளே இல்லீங்க. ஆனா பேரு மட்டும் நம்மூரு பேரு."

அவர் சொன்னது சரியா, தப்பா? நம்மால் நிரூபிக்க முடியுமா? அவருடைய மூக்கைத் தவிர நம்மிடம் வேறு சாட்சி இல்லை. இதுதான் இன்றைய நிலைமை. இதைப் பற்றித்தான் இந்தப் பிரசுரத்தில் பேசப் போகிறோம்.

பேர் வாங்கியாச்சு, காவல் எங்கே?

2019 மார்ச் மாதம் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சள் மாநகரம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நமக்கு அது பெருமைதான். தங்க மஞ்சள் நிறம், குர்குமின் சத்து 2.5 முதல் 4.5 சதம், வேகவைத்த பிறகு புழு பூச்சி எளிதில் துளைக்காத குணம் என்று ஈரோட்டு மஞ்சளுக்குத் தனி அடையாளம் சொல்லப்படுகிறது. நம்ம செம்மண்ணும், பவானி, காவிரித் தண்ணியும், களத்தில் காயவைக்கும் பக்குவமும் சேர்ந்து கொடுத்த குணம் அது. நம்ம பாட்டன் பூட்டன் வியர்வை அதில் இருக்கிறது.

ஆனால் இந்தக் குறியீட்டை விண்ணப்பித்து வாங்கியது யார் தெரியுங்களா? ஈரோடு மஞ்சள் வணிகர்கள் மற்றும் கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். இதைக் குற்றமாக நாம் சொல்லவில்லை. நாம் தண்ணிக்கும் உரத்துக்கும் அலைந்துகொண்டிருந்த காலத்தில் அவர்கள் பதிவகத்துக்கு அலைந்து வாங்கினார்கள். அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு: மஞ்சள் போட்டவன் பேர் அந்தப் புத்தகத்தில் எங்கே?

1999-ல் இயற்றி 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். வேளாண் பொருளை விளைவிப்பவர் உற்பத்தியாளர். அதைப் பதப்படுத்துபவரும் பாக்கெட் போடுபவரும் உற்பத்தியாளர். அதை வாங்கி விற்கும் வியாபாரியும் உற்பத்தியாளர்! ஒன்பது மாசம் காட்டில் கிடந்து களை எடுத்தவனும், ஒரு வாரம் கிடங்கில் மூட்டை அடுக்கியவரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒண்ணு.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2008-ல் விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் குறியீடு கிடைத்தபோது, அதை வாங்கியது மலை வாழை விவசாயிகளின் கூட்டமைப்பு. விளைவிக்கிறவனே பேருக்கு உரிமையாளனாக நிற்க முடியும் என்பதற்கு நம்ம தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

'இருந்தால்' என்ற ஒரு வார்த்தை

குறியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பல விவரம் கொடுக்க வேண்டும். எல்லை எது, குணம் என்ன, பழமைக்கு ஆதாரம் என்ன என்று வரிசையாகக் கேட்கிறார்கள். பொருளின் தரத்தைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு பற்றியும் கேட்கிறார்கள். எப்படிக் கேட்கிறார்கள்? 'ஆய்வு அமைப்பு இருந்தால் அதன் விவரம்' என்று! இருந்தால் சொல்லு, இல்லாவிட்டால் பரவாயில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

பாம்புக்கும் பன்னிக்கும் பயந்து ராத்திரி பூரா காட்டில் காவல் கிடக்கிறோம். வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகு, அதன் பேருக்குக் காவல் போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஆனையை வாங்கிவிட்டு அங்குசம் வாங்க யோசித்த கதையாக இருக்கிறது.

இப்போது நடைமுறையைப் பாருங்கள். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் என்று நாலு இடத்தில் ஏலம் நடக்கிறது. நாட்டிலேயே பெரிய மஞ்சள் சந்தைகளில் ஒன்று நம்முடையது. அதனால் நம்ம மஞ்சள் மட்டும் இங்கே வருவதில்லை. கர்நாடகத்திலிருந்தும் வருகிறது, ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. வரட்டும். மைசூர்ப் பக்கத்து விவசாயியும் நம்மைப் போல முதுகு வளைந்து பாடுபடுகிறவர்தான், அவர் மேல் நமக்குப் பகை இல்லை. மகாராஷ்டிரத்துச் சாங்கிலி மஞ்சளுக்கு 2018-லும், ஒடிசாவின் கந்தமால் மஞ்சளுக்கு 2019-லும் தனியாகக் குறியீடு கிடைத்திருக்கிறது. அவரவர் மஞ்சள் அவரவர் பேரில் விற்கட்டும். ஈரோட்டுச் சந்தையில் கை மாறிய ஒரே காரணத்துக்காக எந்த மூட்டையும் ஈரோட்டு மஞ்சள் ஆகிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறோம். சந்தை வேறு, மண் வேறு!

கலப்படம் நம்ம விலையில் எப்படிக் கை வைக்கிறது?

"யாரோ எங்கேயோ கலந்தால் எனக்கென்ன நஷ்டம்? நான் கொண்டுபோன மூட்டைக்கு ஏலத்தில் காசு வந்துடுதே" என்று சில பேர் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நல்லா முற்றின மஞ்சளை வெட்டி, பதமாக வேகவைத்து, பத்துப் பதினஞ்சு நாள் களத்தில் காயவைத்த விரலி மஞ்சள் குவிண்டால் 14 ஆயிரம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். சத்துக் குறைந்த, பதம் தவறிய மஞ்சள் 10 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. மண்டியில் இருக்கும் வியாபாரி விரலியை ஒடித்துப் பார்த்ததும் எது என்ன என்று சொல்லிவிடுவார். ஆனால் சென்னையில் பாக்கெட் வாங்கும் வீட்டம்மாவால் ஒடித்துப் பார்க்க முடியாது. அவருக்குத் தெரிந்தது பாக்கெட் மேல் இருக்கும் பேர் மட்டும். இரண்டையும் அரைத்து ஒரே பேரில், ஒரே விலைக்கு விற்க முடியும் என்றால், கம்பெனிக்காரர் 14 ஆயிரத்துக்கு ஏன் வாங்க வேண்டும்? பத்து மூட்டைக்கு ரெண்டு மூட்டை நல்லதைப் போட்டு, மீதியை மலிவில் முடித்துவிடுவார். நல்ல மஞ்சளுக்குக் கேள்வி குறையும். கேள்வி குறைந்தால் விலை இறங்கும். இந்தப் பக்கம் 4 ஆயிரம் வித்தியாசம் நம்ம கையை விட்டுப் போகும். அந்தப் பக்கம் நம்ம பேரை வைத்து வந்த லாபம் வேறு ஒருவர் பெட்டிக்குப் போகும்.

அடுத்த வருஷம் நாம் என்ன செய்வோம்? "எவ்வளவு பக்குவம் பண்ணினாலும் ஒரே விலைதானே" என்று விறகுச் செலவைக் குறைப்போம், ரெண்டு நாள் முன்னாலேயே களத்திலிருந்து வாருவோம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேர் தேய்ந்துபோகும். கடைசியில் அசல் ஈரோட்டு மஞ்சளே போலி மாதிரி ஆகிவிடும்.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி மஞ்சள் தூளில் குர்குமின் குறைந்தது 2 சதம் இருந்தால் போதும். நமக்குச் சொல்லப்பட்டிருக்கும் அடையாளமோ 2.5-லிருந்து 4.5 வரை. சோதித்துப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில், 2 சதத் தூளும் 4 சதத் தூளும் ஒரே 'ஈரோடு' பேரில் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இதைத் தட்டிக் கேட்பது யார்?

வங்கதேசம் சொல்லும் பாடம்

மஞ்சளில் கலப்படம் என்றால் சத்துக் குறைவோடு நிற்பதில்லை. பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைச் சேர்க்கும் கொடுமை நம் பக்கத்து நாட்டில் பல வருஷம் நடந்தது. 1980-களில் அங்கே வெள்ளம் வந்து மஞ்சள் சரியாகக் காயாமல் கறுத்துப்போனது. கறுப்பை மறைக்க பாலிஷ் போடும் இடத்தில் இந்தச் சாயத்தைத் தூவ ஆரம்பித்தார்கள். களத்தில் மழை பிடித்தால் மஞ்சள் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஒரு மழையில் ஆரம்பித்த பழக்கம், பிறகு நல்ல மஞ்சளுக்கும் தொற்றிக்கொண்டது. குழந்தைகள் மூளையைப் பாதிக்கும் ஈயம் சமையலறைக்கே போனது.

2019-ல் ஆய்வாளர்கள் இதை வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். அந்த அரசு சும்மா இருக்கவில்லை. மொத்தச் சந்தைக்கே கருவியைக் கொண்டுபோய் மஞ்சளைச் சோதித்தது. கலந்தவர்களுக்கு அபராதம் போட்டது. சந்தை சந்தையாக எச்சரிக்கை ஒட்டியது. 2019-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதத்தில் ஈயக் கலப்பு இருந்தது. 2021-ல் ஒன்றுகூட இல்லை. ரெண்டே வருஷம்!

நம்ம நாடும் இதற்கு விலக்கு இல்லை. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, பாட்னா, கௌஹாத்தி நகரங்களில் வாங்கிய மஞ்சளில் ஈயம் வரம்பைத் தாண்டி மிக அதிகமாக இருந்ததாகச் சொல்கிறது. நாளைக்கு ஈரோடு என்று பேர் போட்ட ஒரு பாக்கெட்டில் அப்படி ஏதாவது பிடிபட்டால் என்ன ஆகும்? கலந்தவன் கடையை மாற்றிக்கொண்டு போய்விடுவான். நம்மால் காட்டை மாற்ற முடியுமா? நம்ம மொத்த வெள்ளாமையும் சந்தேகத்தில் நிற்கும். காவல் இப்போதே வேண்டும் என்று நாம் அடித்துச் சொல்வது அதனால்தான்.

நம்ம பக்கத்துக் குறையையும் பேசுவோம்

அடுத்தவரை மட்டும் குறை சொல்லிப் பிரசுரம் போடுவது நமது சங்கத்தின் வழக்கம் இல்லை. ஈரம் இருந்தால் எடை கூடும் என்று அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை பிடிப்பது நம்மில் யாரும் செய்யாததா? மேலே நல்ல விரலி, அடியில் பொடி என்று போடுவதும், பக்கத்து மாநிலத்திலிருந்து மலிவாக வாங்கி வந்து நம்ம சிட்டாவைக் காட்டி விற்பதும் அங்கங்கே நடக்காமல் இல்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வியாபாரியிடம் நேர்மை கேட்கும் வாய், முதலில் தன் களத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் நாம் உட்கார்ந்து பேச வேண்டியது. ஈரோட்டு நாட்டு ரகம் மட்டும் இன்று நம்ம தோட்டங்களில் இல்லை. பவானிசாகர் ஆராய்ச்சி நிலைய ரகங்கள் இருக்கின்றன, கோழிக்கோட்டிலிருந்து வந்த பிரதிபா இருக்கிறது. நம்ம மண்ணில் விளைந்த பிரதிபா ஈரோட்டு மஞ்சளா, இல்லையா? இதை வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு அதிகாரியோ வியாபாரியோ முடிவு செய்தால், ஒரு நாள் காலையில் பாதி விவசாயிகளின் மஞ்சள் 'செல்லாது' என்று ஆகிவிடலாம். விளைவிக்கிறவர்கள் கூடிப் பேசி, ஆராய்ச்சியாளர்களைக் கேட்டு, எல்லோருக்கும் தெரியும்படி முடிவு எடுக்க வேண்டும்.

தரம் என்ற பேரில் சிறு விவசாயியைத் தள்ளாதே!

"தரக் கட்டுப்பாடு வந்தால் பெரிய பண்ணைக்காரனுக்குத்தான் லாபம். சோதனைக் கட்டணம், சான்றிதழ், கம்ப்யூட்டர் என்று நம்மை அலைய விட்டுக் கடைசியில் வெளியே தள்ளிவிடுவார்கள்" என்று சில உறுப்பினர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பல திட்டங்கள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

அதனால்தான் சொல்கிறோம்: காவல் அமைப்பு வரும் வரைக்கும் ஒதுங்கி நின்றுவிட்டு, வந்த பிறகு கத்திப் பிரயோஜனம் இல்லை. அது உருவாகும் இடத்தில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். புதிதாகக் காகிதம் எதுவும் தேவையில்லை. எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் பதியும் அடங்கல், நம்ம மஞ்சள் எந்த மண்ணில் விளைந்தது என்பதற்குப் போதுமான சான்று. அதை ஏல மூட்டையோடு இணைத்தால் பாதி வேலை முடிந்தது. குத்தகைக்குப் பண்ணையம் பார்ப்பவருக்குச் சிட்டா இல்லை; அவரை விட்டுவிட்டு எந்த ஏற்பாடும் கூடாது. சோதனையும் ஆளுக்கு ஆள் தனியாக வேண்டாம், ஊருக்கு ஊர் கூட்டாக மாதிரி எடுத்துச் செய்யலாம்.

ஒரு பொய் நம்பிக்கையையும் நாம் கொடுக்க மாட்டோம். குறியீடு வந்துவிட்டால் விலை இறங்கவே இறங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2010-ல் குவிண்டால் 15 ஆயிரத்தைத் தாண்டி விற்ற மஞ்சள், 2012-ல் 4 ஆயிரம் அளவுக்கு விழுந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். விலை ஏற்ற இறக்கத்துக்கு மருந்து வேறு. குறைந்தபட்ச விலை கேட்கும் நமது போராட்டம் தனியாகத் தொடரும். ஆனால் விலை ஏறினாலும் இறங்கினாலும், நம்ம பேருக்கு உண்டான கூடுதல் காசு நமக்கு வர வேண்டும். அதற்குத்தான் இந்தக் காவல்.

நம் கையில் இருக்கும் சாவி

பதிவேட்டில் ரெண்டு பகுதி உண்டு. முதல் பகுதியில் குறியீடும் அதன் பதிவு உரிமையாளரும். இரண்டாம் பகுதியில் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்'. இந்த இரண்டாம் பகுதியில் பேர் ஏறினவருக்குத்தான் அந்தக் குறியீட்டைப் போட்டு விற்கும் உரிமை. போலியை எதிர்த்து வழக்குப் போடும் உரிமையும் அவருக்கு உண்டு. போலியாகக் குறியீட்டைப் போட்டு விற்பவருக்கு 6 மாசம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதி என்ன பயன், புகார் கொடுக்க ஆள் வேண்டாமா?

முன்பெல்லாம் பயன்பாட்டாளராகப் பதிய, பதிவு உரிமையாளரோடு சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். 2020-ல் விதியைத் திருத்தினார்கள். உற்பத்தியாளர் தானே மனுக் கொடுக்கலாம், உரிமையாளருக்கு ஒரு நகல் அனுப்பினால் போதும் என்று ஆனது. கட்டணமும் 10 ரூபாயாகக் குறைந்தது. ஒரு டீ விலைகூட இல்லை! நம்ம ஊரில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்? கையைத் தூக்கச் சொன்னால் யாரும் தூக்க மாட்டோம். பூட்டும் சாவியும் கொடுத்த பிறகும் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினால் தப்பு யாருடையது?

நமது கோரிக்கைகள்

1. ஈரோட்டு மஞ்சளுக்குத் தரக் கண்காணிப்புக் குழு ஒன்றை அரசு உடனே அமைக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் மஞ்சள் விவசாயிகள் இருக்க வேண்டும். அவர்களில் சிறு விவசாயிகளுக்கும், குத்தகை விவசாயிகளுக்கும், பெண் விவசாயிகளுக்கும் இடம் வேண்டும். வணிகர்களும் வேளாண் பல்கலைக்கழகத்தாரும் உடன் இருக்கட்டும்.

2. ஏலம் நடக்கும் நாலு இடத்திலும் குர்குமின், ஈரப்பதம், ஈயச் சாயம் மூன்றையும் பார்க்கும் சோதனை வசதி வேண்டும். விவசாயிக்குக் கட்டணம் கூடாது. முடிவை எழுதிக் கையில் சீட்டுத் தர வேண்டும்.

3. எந்த மாநிலத்து மஞ்சள் என்று மூட்டை தோறும் அட்டை கட்டித் தனித்தனியாக அடுக்கி ஏலம் விட வேண்டும்.

4. அரவை ஆலையிலும் கடைகளிலும் 'ஈரோடு' என்று பேர் போட்ட பாக்கெட்டுகளை எடுத்துச் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிட வேண்டும். விவசாயியின் மூட்டையை மட்டும் சோதித்துவிட்டு ஆலையைச் சோதிக்காமல் விடுவதை ஏற்க மாட்டோம்.

5. வேளாண் துறை கிராமம் கிராமமாக முகாம் போட்டு, மஞ்சள் விவசாயிகளைப் பயன்பாட்டாளராகப் பதிந்து கொடுக்க வேண்டும்.

6. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய மஞ்சள் வாரியம், சோதனைக் கூடத்துக்கும், கூட்டாக வேகவைக்கும் கொப்பரைக்கும், காயவைக்கும் களத்துக்கும் நம்ம பகுதிக்கு நிதி தர வேண்டும்.

விவசாயப் பெருமக்களே!

1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த மண் இது. பெருமாநல்லூரில் உயிரைக் கொடுத்தவர்கள் ஒரு பைசாவுக்காகவா செத்தார்கள்? உழைப்பவனைக் கேட்காமல் உழைப்பவன் மேல் முடிவு எடுக்கக் கூடாது என்பதற்காக நின்றார்கள். இன்றைக்கு நம்ம முன்னால் இருப்பதும் அதே கேள்விதான். நம்ம மஞ்சள் எது என்று நம்மைக் கேட்காமல் யாரும் முடிவு செய்யக் கூடாது.

இந்தப் பிரசுரத்தைப் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். படிக்கத் தெரியாத பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடங்கல் நகலையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். பயன்பாட்டாளர் மனுவை அங்கேயே எழுதிக் கொடுப்போம். கிளைகள் தோறும் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவோம். அதற்கும் செவி சாய்க்காவிட்டால், விற்பனைக்கூட வாசலில் மஞ்சள் கொத்தோடு உட்காருவோம். தேதியைச் சங்கம் அறிவிக்கும்.

காட்டுக்குக் காவல் இருக்கிற மாதிரி பேருக்கும் காவல் இருப்போம்!

விளைவித்தவனுக்கே பேரும் உரிமை! விளைவித்தவனுக்கே விலையும் உரிமை!

உழவர் ஒற்றுமை ஓங்குக!